செங்கல்லும் சுண்ணாம்பும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். கல்யாணத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு பெண்களின் கல்யாணத்தையும் நடத்தியவள் என் மனைவி. கேட்டபோது பணம் எடுத்துக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. கட்டடத்தைப் பற்றி வேண்டுமானால் கொஞ்சம் சொல்லலாம். ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் கட்டடப் பிரிவில் குப்பை கொட்டியவன். பட்டம் பெற்ற எஞ்சினீயர் அல்லன், டிப்ளமாக்காரன். ஆகவே சூத்திரங்கள் அதிகம் வராது, தைரியமாகப் படிக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் பொங்கல் விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலைக்காரர், நம் சங்கத்து அன்பர்தான், ஒரு கேள்வி கேட்டார். லக்ஷ்மிபுரத்துப் பக்கம் அவருடைய தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. தொண்ணூறு வருடத்துக் கட்டடம். சுவரெல்லாம் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை பெயர்ந்து கொட்டுகிறது. வந்து பார்த்த கான்ட்ராக்டர், "செங்கல் செத்துப் போச்சு சார், இடிச்சுட்டுப் பில்லர் போட்டுப் புதுசாக் கட்டிடலாம்" என்று சொல்லிவிட்டாராம். "செங்கல் சாகுமா சார்?" என்று அன்பர் கேட்டார். அதற்குள் பாயசம் வந்துவிட்டதால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அவருக்குச் சொன்னதைத்தான் ஆசிரியர் கேட்டுக்கொண்டபடி இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளவும்.

இந்த ஊரில் செங்கல்லை இட்டிகெ என்கிறார்கள். வந்த புதிதில் இது கன்னடத்துக்கே உரிய சொல் என்று நினைத்திருந்தேன். வடமொழியின் இஷ்டகாவிலிருந்து வந்த சொல் இது. பழந்தமிழிலும் இட்டிகை உண்டு, சங்க நூலிலேயே வருகிறது. நாம்தான் அதை விட்டுவிட்டுச் செங்கல் என்று சொல்லப் பழகிவிட்டோம்.

சொல் மட்டுமல்ல, பொருளும் பழையது. கீழடியில் கிடைத்த செங்கற்களை நம்மில் பலர் படத்திலாவது பார்த்திருப்போம். 38 செ.மீ. நீளம், 23 செ.மீ. அகலம், 6 செ.மீ. கனம், இன்றைய கல்லைப் போல இருமடங்கு அகலமான பலகை போன்ற கல். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டியபோது, பல்லவர் காலத்துக் கோயிலுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் வெளிப்பட்டது. மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைந்த கோயிலைச் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் செய்ததாகக் கல்வெட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். அப்படியென்றால் அதற்கு முன் கோயில் என்றாலே செங்கல்லும் மரமும்தான் என்று ஆகிறது.

ஒரு ரயில்வேக்காரனாக நான் கூச்சத்தோடு சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. 1850-களில் லாகூர் – முல்தான் ரயில் பாதை போட்டபோது, தண்டவாளத்துக்கு அடியில் பரப்ப ஜல்லி கிடைக்கவில்லை. பக்கத்தில் ஒரு மேட்டில் சுட்ட செங்கல் மலையாகக் கிடந்தது. அள்ளிப் பரப்பிவிட்டார்கள். சுமார் நூறு மைல் பாதைக்கு அந்தக் கல் போயிற்று என்று கன்னிங்ஹாம் எழுதி வைத்திருக்கிறார். அந்த மேட்டின் பெயர் ஹரப்பா! அது என்ன நகரம் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1920-களில்தான். நாலாயிரம் வருடத்துக்கு முன் சுட்ட கல் ரயிலின் பாரத்தையும் தாங்கியது என்று சமாதானம் சொல்லிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, மண் எப்படிக் கல்லாகிறது? எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். தை அறுவடை முடிந்ததும் ஆற்றங்கரையில் கல் அறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். நெல்லுக்கு மட்டுமல்ல, செங்கல்லுக்கும் அறுப்பு என்றுதான் பெயர். மண்ணை வெட்டிக் கொத்தி, முதல் நாளே தண்ணீர் விட்டு ஊறப் போட்டு, மறுநாள் காலால் மிதித்துப் பதமாக்குவார்கள். மரச் சட்டத்தில் மண்ணை அறைந்து, மேலே வழித்து, தரையில் தட்டி எடுத்தால் பச்சைக்கல். வெயிலில் ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போட்டு, பிறகு காற்றுப் போகும்படி இடைவெளி விட்டு அடுக்கி வைப்பார்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு சூளையில் ஏற்றினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கல்லை வெடிக்கச் செய்துவிடும்.

மண்ணில் மணலும் களியும் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். களி அதிகமானால் காயும்போது சுருங்கிக் கோணும், வெடிக்கும். மணல் அதிகமானால் கல் உதிரும். கொஞ்சம் இரும்பு இருக்க வேண்டும், சிவப்பு நிறம் அதனால்தான். சூளையில் 450 டிகிரியைத் தாண்டும்போது களிமண்ணோடு பிணைந்திருக்கும் நீர் பிரிய ஆரம்பிக்கிறது. இது வெயிலில் போகும் ஈரம் அல்ல, களியின் உடம்பிலேயே இருக்கும் நீர். அது போனபின் அந்த மண்ணை எத்தனை நாள் ஊறப் போட்டாலும் மறுபடி சேறாகாது. 900, 1000 டிகிரி வரும்போது மண் துகள்களின் விளிம்புகள் லேசாக உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதற்கும் மேலே போனால் கல்லே உருகிக் கோணி, கறுத்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

மைசூர் வட்டாரத்திலும் ஏரி வண்டலை எடுத்து நாட்டுச் சூளை போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பச்சைக்கல்லை அடுக்கி, இடையிடையே விறகு, உமி என்று வைத்து, வெளியே மண் பூசி நெருப்பு வைப்பார்கள். எரிந்து ஆறுவதற்கு வாரக் கணக்கில் ஆகும். இதில் ஒரு சங்கடம். நடுவில் இருக்கும் கல் அதிகம் வேகும், வெளி ஓரத்தில் இருப்பது அரைவேக்காடு. ஒரே சூளையில், ஒரே மண்ணில், ஒரே நாளில் சுட்டது மூன்று ரகமாக வரும். லாரியில் வந்து இறங்கும்போது மூன்றும் கலந்துதான் இறங்கும். மேலே நல்ல கல், அடியில் மற்றவை என்பது எல்லா ஊர் வழக்கம்.

எனவே தரம் பார்க்கத் தெரிய வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த சோதனை, இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பது. கணீரென்று வெண்கலச் சத்தம் வந்தால் வெந்த கல். மொத்தென்று சத்தம் வந்தால் வேகாதது அல்லது உள்ளே வெடித்தது. நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. இடுப்புக்கு மேல் உயர்த்திக் கீழே போட்டால் உடையக் கூடாது. தண்ணீர் குடிக்கும் அளவைப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. காய்ந்த கல்லை நிறுத்து, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி நிறுக்க வேண்டும். ஐ.எஸ். 1077 என்ற நம் நாட்டுத் தர விதிப்படி சாதாரணக் கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் குடிக்கக் கூடாது. 3 கிலோ கல் என்றால் 600 கிராம். சமையலறைத் தராசு போதும்.

அளவையும் பாருங்கள். விதிப்படி ஒரு கல் 190 மி.மீ. நீளம், 90 அகலம், 90 உயரம். கலவையோடு சேர்த்து 200, 100, 100 என்று கணக்கு வரும். ஒரு கன மீட்டருக்கு 500 கல். தனிக் கல்லை அளந்து பயனில்லை. 20 கல்லை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் 3 மீட்டர் 72 செ.மீ.க்கும் 3 மீட்டர் 88 செ.மீ.க்கும் இடையில் வர வேண்டும். கடையில் கிடைக்கும் நாட்டுக்கல் இந்த அளவில் இருக்காது, பழைய அங்குலக் கணக்கில்தான் இருக்கும். அதிலும் கல் வருடா வருடம் இளைத்துக்கொண்டு வருகிறது. ஆயிரம் கல் விலை என்ன என்று மட்டும் கேட்டால், இளைத்த கல்லுக்கும் கொழுத்த கல்லுக்கும் ஒரே விலை கொடுத்துவிடுவீர்கள்.

வலிமையைப் பற்றிக் கவலை வேண்டாம். விதிகளில் ஆகக் கடைசி வகுப்புக் கல்லே ஒரு சதுர செ.மீ.க்கு 35 கிலோ தாங்க வேண்டும். ஒன்பது அங்குலக் கல்லைப் படுக்க வைத்து நசுக்கினால் ஏறக்குறைய 9 டன். மாடி வீட்டுச் சுவரின் அடியில் சதுர செ.மீ.க்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் பாரம் வருவது அபூர்வம். செங்கல் சுவர் பாரத்தால் நசுங்கி விழுந்தது என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. விழுவதற்குக் காரணம் வேறு. அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் நான் பட்ட அவமானம் ஒன்று. வேலையில் சேர்ந்து மூன்றாவது வருடம், 1980-களின் நடுவில். ஊழியர் குடியிருப்பு கட்டும் வேலை. நான் ஒர்க்ஸ் இன்ஸ்பெக்டருக்கு உதவியாளன். புதிதாக வந்த கல்லைத் தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. நிறுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். கட்டி, பூசி, வெள்ளையடித்து ஆயிற்று. ஒரு மழைக்காலம் போனது. பூச்சில் அங்கங்கே எட்டணா அகலத்துக்குக் குழிகள். ஒவ்வொரு குழியின் நடுவிலும் வெள்ளையாக ஒரு பொட்டு. அம்மை வார்த்த முகம் மாதிரி ஆகிவிட்டது சுவர். மேலதிகாரி பார்த்துவிட்டு ஒன்றுமே பேசாமல் ஜீப்பில் ஏறிப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

சேலத்துப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் அங்கே இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. அவர்தான் ஒரு கல்லை உடைத்துக் காட்டினார். உள்ளே மிளகு அளவில் வெள்ளைப் புள்ளிகள். "சார், கல்லைத் தட்டிக் கேட்டீங்க, உடைச்சுப் பாக்கலியே. இது சுக்கான் மண்ணு" என்றார்.

மண்ணில் கலந்திருந்த சுண்ணாம்புக் கல் துணுக்குகள்தான் அவை. சூளையில் வெந்து சுட்ட சுண்ணாம்பாகி, கல்லுக்குள்ளேயே காத்துக்கொண்டிருக்கும். ஈரம் படும்போது நீற்றுச் சுண்ணாம்பாக மாறிப் பருக்கும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அது எப்படிக் கொதித்துப் பொங்கும் என்று தெரியும். அந்தப் பருமன் கல்லின் முகத்தையும் பூச்சையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அன்றிலிருந்து எந்த லோடு வந்தாலும் பத்துக் கல்லை உடைக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. நீங்களும் உடைத்துப் பாருங்கள். இரண்டைத் தண்ணீர்த் தொட்டியில் மூன்று நான்கு நாள் போட்டும் வையுங்கள்.

கல்லுக்குள் இருந்தால் வெடி வைக்கும் இதே சுண்ணாம்புதான், கல்லுக்கு வெளியே இருந்தால் சுவரைப் பிடித்து நிறுத்துகிறது. நீற்றி, மணலோடு அரைத்துப் பூசினால் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே இறுகும். ஆனால் தண்ணீருக்கு அடியில் இது இறுகாது. அதற்கு நம் முன்னோர் கண்ட வழி சுர்க்கி. செங்கல்லை மாவாக இடித்துச் சுண்ணாம்போடு கலப்பது. இளஞ்சூட்டில் வெந்த களிமண் சுண்ணாம்போடு சேர்ந்து, காற்று இல்லாமலே தண்ணீருக்குள்ளும் கெட்டிப்படும். வேடிக்கை என்னவென்றால் இதற்கு நன்றாக வெந்த கல் உதவாது. கொத்தனார் தூக்கி எறிகிற இளவேக்காட்டுக் கல்தான் சுர்க்கிக்கு நல்லது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் நாம் வெகுதூரம் போக வேண்டாம். விருந்தாளி வந்தால் பிருந்தாவனம் கூட்டிப் போகிறோமே, அந்தக் கண்ணம்பாடி அணை சுர்க்கியில் கட்டியதுதான். விசுவேசுவரய்யா தலைமைப் பொறியாளராக இருந்தபோது 1911-இல் வேலை தொடங்கியது. இந்தியாவில் சிமிண்டுத் தொழில் வேரூன்றியது 1914-இல் போர்பந்தரில். ஆகவே கருங்கல்லைச் சுண்ணாம்பு – சுர்க்கிக் கலவையில் வைத்துக் கட்டினார்கள். 2.6 கி.மீ. நீளம், சுமார் 40 மீட்டர் உயரம். அதற்கு முன் 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணைக்குள்ளும் இதே சுண்ணாம்பு – சுர்க்கிக் கான்கிரீட்தான். காவிரி, பெரியாறு என்றதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். நான் கலவையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மைசூரின் பழைய வீடுகளும் மண்டிகளும் இந்தச் செங்கல், சுண்ணாம்பு வகைதான். ஒன்றரைக் கல், இரண்டு கல் கனத்தில் சுவர். மேலே தேக்கு உத்தரங்களைப் போட்டு, அவற்றின் மீது சிறிய மெல்லிய கற்களைக் குத்துவாக்கில், சாய்வாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். எங்கோ இருக்கும் மெட்ராஸின் பெயர் இந்த ஊர்க் கூரைகளில் இருப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

2012 ஆகஸ்டில் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நால்வர் இறந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். 2016-இல் தேவராஜா மார்க்கெட்டின் ஒரு பகுதி விழுந்தது. அவற்றின் விசாரணைகளுக்குள் நான் போகவில்லை. பொதுவாக இந்த வகைக் கட்டடத்துக்கு என்ன நோய் வரும் என்று மட்டும் சொல்கிறேன். செங்கல் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைத் தன் வழியே காற்றில் போக விட்டுவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்பார் எங்கள் மேஸ்திரி. அதன் மேல் சிமிண்டைப் பூசினால் மூக்கைப் பொத்தியது போல. ஈரம் வெளியே போக வழி தெரியாமல் மேலே மேலே ஏறும். தன்னோடு கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னால் விட்டுவிடும். உப்பு படிகமாகும்போது கல்லின் முகத்தையே மாவாக்கும். ஈரம் இன்னும் ஏறி, சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் முனையைத் தொட்டால்தான் ஆபத்து. வெளியே தெரியும் மரம் உரமாக இருக்கும். சுவருக்குள் இருக்கும் ஒரு சாண் மட்டும் உளுத்துப் போயிருக்கும். கூரை ஒருநாள் சொல்லாமல் இறங்கும். இதற்குச் செங்கல்லைக் குற்றம் சொல்வது நியாயமா?

அன்பரின் வீட்டை நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டு கல் சுவர். பழைய பூச்சு இருந்த இடமெல்லாம் நன்றாக இருந்தது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் யாரோ யோசனை சொல்லி, சுற்றிலும் இடுப்பு உயரத்துக்குச் சிமிண்டுப் பூச்சு. போதாததற்கு வாசலைச் சிமிண்டுத் தளம் போட்டு உயர்த்தி, மழைத் தண்ணீர் சுவர்ப் பக்கம் ஓடும்படி செய்திருந்தார்கள். பூச்சைக் கொஞ்சம் கொத்திப் பார்த்தேன். பின்னால் கல் ஈரமாக, மாவு மாவாக இருந்தது. ஆனால் ஓர் அங்குலம் உள்ளே உளி கணீரென்றது. செத்துப் போகவில்லை, மேல்தோல்தான் போயிருக்கிறது.

இதற்காகப் புதிய வீடு கட்டுகிறவர்களும் சுண்ணாம்பில்தான் கட்ட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அரைக்க ஆளும் இல்லை, காத்திருக்கப் பொறுமையும் இல்லை. செங்கல்லே இப்போது இந்த ஊரில் குறைந்துவிட்டது, எங்கு பார்த்தாலும் சாலிட் பிளாக். சீக்கிரம் ஏறும், கலவை குறைவு, கூலி மிச்சம். ஆனால் செங்கல்லைவிட வேகமாக வெயிலை உள்ளே கடத்தும். சரியாக நனைத்துப் பதப்படுத்தாத பிளாக் சுவரில் ஏறியபின் சுருங்கி, மூலைக்கு மூலை விரிசல் விடும். அச்சிலிருந்து எடுத்த வாரத்தில் லாரி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். செங்கல் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று கிலோ மேல்மண் போகிறது; விறகும் கரியும் எரிகின்றன. கோவைக்குப் பக்கத்தில் தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் வெட்டியே யானை வழித்தடம் பள்ளமாகி, 2021-இல் சூளைகளை மூட வேண்டி வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஜகதீஷ் குழுவினர் சுடாமலே, மண்ணோடு கொஞ்சம் சிமிண்டு சேர்த்து அழுத்திச் செய்யும் கல்லை உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். தனி வீடு கட்டும் யோசனை உள்ள இளைஞர்கள் அதைப் போய்ப் பார்க்கலாம். செங்கல்தான் வேண்டும் என்றால் லாரி பேக்கர் காட்டிய எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. கால் பங்கு கல் மிச்சம், வீடும் குளுமை.

எப்படிக் கட்டினாலும் கல்லை வைப்பதற்கு முன் தொட்டியில் ஊறப் போடச் சொல்லுங்கள். காய்ந்த கல் கலவையிலுள்ள தண்ணீரைக் குடித்துவிடும். சிமிண்டு இறுகத் தண்ணீர் இராது. அடுக்கியபின் சித்தாள் மேலாக ஒரு குவளை தெளிப்பது ஊறப் போடுவது ஆகாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனிக்க வேண்டிய வேலை இது ஒன்றுதான்.

அன்பர் இடிக்கவில்லை. முதலில் வாசல் தளத்தை வெட்டி இறக்கித் தண்ணீரைத் தெருப் பக்கம் திருப்பினோம். சிமிண்டுப் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுமனே காய விட்டோம். பார்க்கச் சகிக்கவில்லை, அவர் வீட்டு அம்மா என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். உத்தரங்களின் முனைகளை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்ததில் குளியலறைப் பக்கம் மூன்று உளுத்திருந்தன. மாற்றினோம். மாவாகிப்போன கற்களை மட்டும் எடுத்துவிட்டு வேறு கல் வைத்தோம். அதற்கும் பழைய கல்லே கிடைத்தது. சுண்ணாம்பில் கட்டிய சுவரை இடித்தால் கல் முழுசாகக் கழன்று வரும், சிமிண்டில் கட்டியதில் உடைந்துதான் வரும். பெங்களூர் – மைசூர் பாதை 1993-இல் அகலப் பாதையான சமயத்தில் பழைய கேங் குடிசைகளை இடித்தபோது நான் கண்ணால் பார்த்தது இது. சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடத்தான் இரண்டு மாதம் ஆயிற்று. கடைசியில் நஞ்சன்கூடு பக்கத்திலிருந்து எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து செய்து கொடுத்தார்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. வடக்குப் பக்கத்து அறையில் ஒரு மூலை மட்டும் இன்னும் ஈரமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தொட்டி கசிகிறதோ என்று எனக்குச் சந்தேகம். அதைப் பற்றி அந்த வீட்டுக்காரரிடம் யார் பேசுவது என்பதில்தான் நானும் அன்பரும் இப்போது நிற்கிறோம்.